மினிக்காயில் பெய்யும் மழையும் கோவையின் குடிநீரும்

2025ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. வழக்கமாக ஜூன் 1ஆம் தேதியை ஒட்டி வரும் மழை, அந்த ஆண்டு எட்டு நாள் முந்திக்கொண்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் அது வந்ததில்லை. இப்படி அறிவிப்பு வரும்போதெல்லாம் கோவை மக்களின் வாயில் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சிறுவாணியில் எத்தனை அடி ஏறியிருக்கு?"

நாம் கேட்காமல் விடும் கேள்வி ஒன்றும் உண்டு. பருவமழை தொடங்கிவிட்டது என்பதை எந்த ஊர் மழையை அளந்து முடிவு செய்கிறார்கள்? அதற்கான விடை, நம்மில் பலர் சுற்றுலாப் படங்களில் மட்டுமே பார்த்திருக்கும் லட்சத்தீவில் தொடங்குகிறது. அந்தத் தீவுகளின் வானத்தையும் கடலையும் அளப்பது ஏதோ ஆராய்ச்சியாளர்களின் தனிப்பட்ட வேலை அல்ல. கொங்கு மண்டலத்தில் வாழும் நம் வீட்டுக் குடிநீரோடும் தொழிலோடும் நேரடியாகத் தொடர்புடைய வேலை அது.

பதினான்கு நிலையங்கள்

பருவமழையின் தொடக்கத்தை அறிவிக்க வானிலைத் துறை 14 நிலையங்களின் மழை அளவைப் பார்க்கிறது. மினிக்காய், அமினி, திருவனந்தபுரம், புனலூர், கொல்லம், ஆலப்புழை, கோட்டயம், கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு, தலச்சேரி, கண்ணூர், குடுலு, மங்களூரு ஆகியவையே அவை. பட்டியலின் முதல் இரண்டு ஊர்களும் லட்சத்தீவில் இருக்கின்றன.

மே 10க்குப் பிறகு, இந்த 14இல் குறைந்தது 60 விழுக்காடு நிலையங்களில் தொடர்ந்து இரண்டு நாட்கள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பதிவாக வேண்டும். மழை மட்டும் போதாது. மேற்குத் திசைக் காற்று ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்க வேண்டும். தாழ்வான உயரத்தில் அதன் வேகம் மணிக்கு சுமார் 28 முதல் 37 கிலோமீட்டர் வரை இருக்க வேண்டும். அந்தக் கடற்பரப்பில் மேகம் அடர்ந்திருப்பதை செயற்கைக்கோள் காட்ட வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் "தொடங்கியது" என்ற சொல் வரும். கோடை இடிமழையைப் பருவமழை என்று எண்ணி ஏமாறாமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடுகள்.

இந்தியாவின் தென்மேற்கு மூலையில், மாலத்தீவுக்கு வடக்கே தனித்து நிற்கும் சிறு தீவு மினிக்காய். அங்கே பேசப்படும் மஹல் மொழி, மாலத்தீவு மக்கள் பேசும் திவேஹி மொழியின் ஒரு வடிவம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி லட்சத்தீவு முழுவதிலும் சுமார் 64,000 பேர்தான் வாழ்கிறார்கள். அவர்களில் 96 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் முஸ்லிம்கள். மொத்தம் 36 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 10. நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். கோவை மாநகராட்சியின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே வரும் இந்த நிலத்தில் எடுக்கப்படும் அளவீடு, ஒரு நாட்டின் விவசாயக் காலண்டருக்கே தொடக்கப் புள்ளியாக இருக்கிறது.

கொங்குக்கு என்ன சம்பந்தம்?

கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். இந்தப் பக்கம் நமக்குச் சாரலும் காற்றும்தான். நகருக்குள் நல்ல மழை வருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவத்தில். ஆனால் நாம் குடிப்பது பெரும்பாலும் மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவ மழைநீரையே.

சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1973ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்தத் தண்ணீர் நமக்கு வருகிறது. பவானி ஆற்றில் கட்டப்பட்ட பில்லூர் அணை, பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு, பரம்பிக்குளம் எல்லாமே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையை நம்பியவை. அந்த மழை தவறினால் குழாயில் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி கூடும். உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் வீதிகளில் குடங்கள் வரிசை கட்டும்.

தண்ணீரோடு காற்றும் இருக்கிறது. அரபிக்கடலில் இருந்து கிளம்பும் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கொங்குக்குள் நுழைகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகள் சுழல்வது அந்தக் காற்றில்தான். கோவை, திருப்பூர் நூற்பாலைகள் பலவற்றுக்கு அதுவே மின்சாரம். ஆகவே லட்சத்தீவின் கடலில் ஏற்படும் மாற்றம், சில நாட்களில் நம் ஊர்க் குழாயையும் ஆலையின் சம்பளப் பட்டியலையும் தொட்டுவிடுகிறது.

மழையைத் தரும் சூடு, பவளத்தை அழிக்கும் சூடு

ஏப்ரல், மே மாதங்களில் லட்சத்தீவைச் சுற்றியுள்ள தென்கிழக்கு அரபிக்கடல் நன்றாகச் சூடேறும். மேற்பரப்பு நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உலகின் மிகச் சூடான கடற்பகுதிகளில் ஒன்றாக அது அந்த நாட்களில் மாறிவிடும். அந்த வெப்பமே நீரை ஆவியாக்கி, மேகத்தைத் திரட்டி, பருவமழை வரும் வழியைத் தயார் செய்கிறது. இந்த அளவில் சூடு நமக்கு ரஹ்மத்.

அளவு மீறும்போது அதே சூடு பவளப்பாறைகளுக்கு எமனாகிறது. பவளம் கல் போலத் தோன்றினாலும் அது உயிர். அதன் திசுக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். வெப்பம் தணிந்தால் மீளலாம். தணியாவிட்டால் பட்டினியால் சாகும்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவுப் பவளம் பெருமளவில் வெளுத்தது. நான்காவது அடி 2024இல் விழுந்தது. 2023 அக்டோபர் இறுதியில் இருந்தே அங்கே கடல் வெப்ப அலை நீடித்ததாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தெரிவித்தது. அதே 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது பெரும் பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு அறிவித்தது. அகத்தி, கட்மத், கவரத்தி தீவுகளில் 1998 முதல் 24 ஆண்டுகள் நடந்த கண்காணிப்பின்படி, உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது.

பவளம் போனால் போவது மீன் மட்டுமல்ல. பருவமழைக் காலத்தின் பேரலைகள் தீவில் மோதாமல் தடுக்கும் சுவரே அதுதான். பங்காரம் பவளத் திட்டில் இருந்த பரளி-1 என்ற குட்டித் தீவு அரிப்பில் முழுவதுமாக மறைந்துவிட்டதை 2017இல் ஆய்வு ஒன்று பதிவு செய்தது. மக்கள் வாழாத தீவுதான். ஆனாலும் மக்கள் வாழும் தீவுகளும் அதே மணலாலும் அதே பவளத்தாலும் ஆனவையே.

பவளத்துக்கு வரும் ஆபத்தை முன்கூட்டியே சொல்ல ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், செயற்கைக்கோள் வெப்ப அளவுகளைக் கொண்டு எச்சரிக்கை வெளியிடுகிறது. எவ்வளவு சூடு, எத்தனை வாரம் நீடித்தது என்ற இரண்டையும் பெருக்கிப் பார்ப்பதே அந்தக் கணக்கு. நான்கைத் தாண்டினால் வெளுப்பு. எட்டைத் தாண்டினால் பவளச் சாவு என்பது பொதுவான அளவுகோல்.

தீவின் கிணறு

லட்சத்தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் போல ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. அந்தப் படலத்தில்தான் வீட்டுக் கிணறும் பள்ளிவாசல் குளமும் இருக்கின்றன. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. இதைத் திருப்பிப் படித்தால் ஆபத்து புரியும்: மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறும். மோட்டார் வைத்து வேகமாக இறைத்தாலே கிணறு கரித்துவிடும்.

இன்னொரு ஆபத்து கழிவறைக் குழிகள். இடம் குறைந்த தீவில் கிணறும் குழியும் பக்கத்தில் பக்கத்தில் அமைகின்றன. மணல் வழியே கழிவு கிணற்றுக்கும் போகும், பிறகு காயல் நீருக்கும் போகும். அந்தக் காயலில் பாசி மிகுந்தால், ஏற்கெனவே சூட்டில் நலிந்த பவளம் மீளவே முடியாது. எனவே தீவில் குடிநீர்த் தரமும் கடல்நீர்த் தரமும் வேறு வேறு அல்ல. ஒன்றை அளக்காமல் மற்றதைக் காக்க முடியாது.

இதற்கு ஒரு நல்ல தீர்வு நம் சென்னையில் இருந்து போனது. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. கடலின் மேற்பரப்பில் உள்ள வெதுவெதுப்பான நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலனுக்குள் விட்டால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில் இருந்து எடுக்கும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குடிநீராக்கும். 2011இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் இந்த வசதி வந்தது. 2024 ஜனவரியில் கட்மத் தீவில் நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் தரும் நிலையம் திறக்கப்பட்டது. நாட்டுக்கு மழைச் செய்தி சொல்லும் தீவுகளுக்கு நாடு திருப்பிச் செய்த உருப்படியான உதவி இது.

அதே 2024 ஜனவரியில் இருந்துதான் லட்சத்தீவுச் சுற்றுலா பற்றிய பேச்சும் நாடு முழுவதும் சூடு பிடித்தது. வருமானம் தீவு மக்களுக்குத் தேவைதான். ஆனால் எத்தனை பேர் வந்தால் எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு கழிவு சேரும், காயல் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு விடுதிக்கு முன்னால் வர வேண்டும். விடுதி கட்டிய பிறகு அளப்பது, நோய் முற்றிய பிறகு நாடி பார்ப்பது போன்றது.

அளந்தது கைக்கு எட்ட வேண்டும்

கண்காணிப்புக் கருவி இருப்பது மட்டும் உயிரைக் காப்பாற்றாது என்பதற்கு ஒக்கி புயல் சாட்சி. 2017 நவம்பர் 29இல் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் குமரிக்கடலில் புயலாக மாறிவிட்டது. அதற்குள் குமரி மாவட்டத்து, கேரளத்து விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையில் வெளியான எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. பல குடும்பங்கள் இன்றும் அந்தத் துயரத்தோடு வாழ்கின்றன. திசை மாறி லட்சத்தீவில் ஒதுங்கிய தமிழக மீனவர்களுக்குச் சோறும் உடையும் இடமும் கொடுத்தவர்கள், அதே புயலில் தங்கள் தென்னையையும் படகையும் இழந்த தீவு மக்கள்.

அதன் பிறகு பாடம் ஓரளவு கற்கப்பட்டது. கைபேசி அலை எட்டாத ஆழ்கடலுக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' என்ற கருவியை 2019இல் இன்காய்ஸ் அறிமுகப்படுத்தியது. கருவி எல்லாப் படகிலும் இருக்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி.

கடல்நீரின் தரத்துக்கு வந்த சோதனை, நாம் தொடக்கத்தில் சொன்ன அதே 2025 மே 24இல் நேர்ந்தது. பருவமழை அறிவிக்கப்பட்ட அன்றுதான் எம்.எஸ்.சி. எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. அதில் 640 கண்டெய்னர்கள். 13இல் ஆபத்தான சரக்கு. எண்ணெய்க்கு இணையாகப் பயமுறுத்தியது, பருப்பு அளவே இருக்கும் பிளாஸ்டிக் குருணைகள். பருவக்காற்றும் நீரோட்டமும் அவற்றைத் தெற்கே தள்ளின. திருவனந்தபுரம், கன்னியாகுமரி கடற்கரைகளைத் தாண்டி தனுஷ்கோடி வரை அவை ஒதுங்கின. கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எண்ணெயும் சரக்கும் எந்தப் பக்கம் மிதக்கும் என்று இன்காய்ஸ் முன்கூட்டியே கணித்துச் சொன்னதால்தான் கரையில் ஆட்களை நிறுத்த முடிந்தது. கடலில் மிதவைகளையும் நீரோட்டக் கணக்கையும் ஆண்டு முழுவதும் பராமரிப்பதன் பலன், இப்படி ஒரு நாளில்தான் தெரியும்.

தனுஷ்கோடி நமக்குத் தூரத்து ஊர் இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு ஏற்கெனவே மூழ்கிவிட்டன. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னும் 2010, 2016 வெப்ப ஆண்டுகள் அந்தப் பவளத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கரையில்தான் கீழக்கரையும் பெரியபட்டினமும் ஏர்வாடியும் இருக்கின்றன. அங்கிருந்து தொழிலுக்காகக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்து தங்கிய குடும்பங்களுக்கு, இந்தக் கடலின் நலம் சொந்த ஊரின் நலம்.

நொய்யல் சொல்லும் பாடம்

கடல் இல்லாத ஊர் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலந்து வங்கக்கடலுக்குப் போகின்றன. ஆழியாற்றுத் தண்ணீரோ சித்தூர்ப்புழை வழியாகப் பாரதப்புழையில் சேர்ந்து, பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. கொங்கு மண் இரண்டு கடல்களுக்கும் நீர் அனுப்புகிறது. நாம் ஆற்றில் விடுவது எதுவோ, அதுவே கடைசியில் கடலோர நீரின் தரம்.

அளவீடு தாமதித்தால் என்ன ஆகும் என்பதை நொய்யல் நமக்குக் காட்டியது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகளில் உப்பு ஏறியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு என்ற எண்தான் அந்த வழக்கின் முதுகெலும்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று வேலை இழந்தவர்களில் நம் சமூகத்துத் தொழிலாளர்களும் ஏராளம்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒழுங்காக அளந்து, அளந்ததை ஊருக்குச் சொல்லி, அப்போதே சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியிருந்தால் விவசாயியின் கிணறும் கெட்டிருக்காது, தொழிலாளியின் கூலியும் நின்றிருக்காது. சுற்றுச்சூழலா, வேலையா என்று நம்மை இரு அணிகளாக நிறுத்துவது பெரும்பாலும் காலம் கடந்த அளவீடுதான். லட்சத்தீவு இன்று நொய்யலின் அந்தப் பழைய ஆண்டுகளில் நிற்கிறது. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

முதலாவது, தீவுகளின் கிணற்று நீரும் காயல் நீரும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கப்பட்டு, முடிவுகள் மலையாளத்திலும் மஹலிலும் தீவு மக்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் முடிவுகள் தமிழில் வர வேண்டும். கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கடல்நீர்த் தரத்தைத் தானாக அளக்கும் மிதவைகள் நிறுவப்பட்டிருப்பது போல, இந்தத் தீவுகளுக்கும் வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கலாம். கோவைக்காரர் லட்சத்தீவுக்காகக் கேட்பது வேடிக்கை அல்ல. நம் குடிநீருக்காகக் கேட்பதுதான்.

இரண்டாவது, மழை பற்றிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளைப் பரப்புவதை நிறுத்துவோம். வானிலைத் துறையின் அறிக்கையும் இன்காய்ஸின் கடல் எச்சரிக்கையும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் சிறுவாணி, பில்லூர் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை எழுதிப் போடுவது பெரிய வேலை இல்லை. எண்ணைப் பார்க்கும் வீட்டில் குழாய் தானாகவே சீக்கிரம் மூடப்படும்.

மூன்றாவது, பள்ளிவாசல்களில் உளூச் செய்யும் தண்ணீர் சோப்போ ரசாயனமோ கலக்காதது. அதைச் சாக்கடைக்கு விடாமல் மரத்துக்கோ, நிலத்தடி நீர் ஊறும் குழிக்கோ திருப்பலாம். 2003 முதல் நம் மாநிலத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் வீட்டு மாடியில் அந்தக் குழாய் இன்னும் குழியோடு சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடலாம். உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நொய்யல் கரையிலும் குப்பை விழாமல் பார்ப்பது நம் தெருவில் இருந்து தொடங்கும் கடல் பாதுகாப்பு.

நான்காவது, விடுமுறைக்குத் தீவுகளுக்குச் செல்லும் குடும்பங்கள் பவளத்தின் மேல் நிற்காமல், அதை உடைத்து எடுத்து வராமல், கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்தாலே போதும். அங்கே ஒரு வாளி நன்னீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் மினிக்காயிலும் அமினியிலும் மழைமானியில் சேரும் சில மில்லிமீட்டர் நீரைப் பார்த்துத்தான் நமக்குச் செய்தி வருகிறது. அந்தத் தீவுகளின் கிணறு கரிக்கிறதா, காயல் கெடுகிறதா, பவளம் வெளுக்கிறதா என்ற செய்தியையும் அதே அக்கறையோடு நாம் கேட்டு வாங்க வேண்டும்.